ஊமைக்கிணற்றுக் கைக்காரர்

மாட்டுத்தாவணிக்கும் அலங்காநல்லூருக்கும் இடையே ஓடும் பேருந்தில் நடத்துநர் சோணையிடம் டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் டிக்கெட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதை நீட்டிய கையைத்தான் பார்த்திருப்பார்கள். கறுத்து, நீண்டு, முட்டிகள் புடைத்து, சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும் வலது கை அது. சின்ன வயதில் வாடகைச் சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்த விரலை, கட்டுப் போட்டவர் ஏதோ அவசரத்தில் கோணலாகவே கட்டி அனுப்பிவிட்டார். அந்தக் கோணலால்தான் சோணை ஊரறிந்த மனிதரானார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ‘ஊமைக்கிணறு’ என்று ஒரு தொடர் தொலைக்காட்சியில் வந்தது. ஒரு பாழடைந்த மண்டபம், அதன் நடுவே ஒரு கிணறு, கிணற்றுக்குள் யாரோ இருக்கிறார்கள், யாரென்று தெரியாது. கதை இவ்வளவுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை அது ஓடுகிற நேரத்தில் தெருவில் நாய்கூட நடமாடாது. மறுநாள் ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும் அதே பேச்சு.

அந்தக் கிணற்றுக் காட்சியை எடுத்தது அலங்காநல்லூருக்கு வெளியே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் கிடந்த ஒரு பழைய மண்டபத்தில். அப்போது சோணைக்கு வேலை வெட்டி கிடையாது. கூட்டாளி ஜெயபாண்டியோடு வேடிக்கை பார்க்கப் போயிருந்தார். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் மேலே வரவேண்டும் என்றார் இயக்குநர். அதற்கென்றே சென்னையிலிருந்து வந்திருந்த நடிகர் கிணற்றை எட்டிப் பார்த்தார். பாசித் தண்ணீர். அதில் ஏதோ நெளிந்தது.

“கை மட்டும்தானே சார், ரூம்லயே வச்சு எடுத்துக்கலாமே” என்றார் நடிகர்.

ஜெயபாண்டி சும்மா இருக்கவில்லை. “சார், எங்க மாப்ள எறங்குவான். அவனுக்குக் கெணறுன்னா வீடு மாதிரி.”

“எலேய், யார்ரா சொன்னா?” என்று சோணை கேட்டு முடிப்பதற்குள் அவர் கையில் சாம்பலும் சுண்ணாம்பும் பூச ஆரம்பித்துவிட்டார்கள்.

உள்ளே இறங்கி, சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கல்லில் நின்றார். இடது கையால் கல் இடுக்கைப் பிடித்துக்கொண்டு வலது கையை மெல்ல விளிம்புக்கு மேலே விட்டார். கேமரா ஓடியது. அந்த நேரம் பார்த்து ஒரு தவளை அவர் சட்டைக்குள் புகுந்துவிட்டது. சத்தம் போடக் கூடாது என்று முன்னமே மிரட்டியிருந்தார்கள். தவளை வயிற்றிலிருந்து விலாவுக்குப் போய், விலாவிலிருந்து முதுகுக்குப் போனது. உள்ளே அவர் பட்ட பாடெல்லாம் விரல் வழியாகத்தான் வெளியே வந்தது. கை நடுங்கியது. சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மடங்கியது. விளிம்புக் கல்லைப் படார் படாரென்று அறைந்தது. சட்டென்று மறைந்தது. மறைந்ததுகூட நடிப்பில்லை, கால் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டார்.

“இந்த மாதிரி எவனாலயும் பண்ண முடியாதுய்யா!” என்று மேலே இயக்குநர் குதித்துக்கொண்டிருந்தார். கயிறு போடுங்கள் என்று கத்தியது ஜெயபாண்டி ஒருவன்தான்.

அந்தப் பகுதி ஒளிபரப்பானபோது தமிழ்நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சோணையின் அம்மா மாயக்காள், “டிவியில வந்தது எம்மவன் கைதேன்” என்று தெருத் தெருவாகச் சொன்னாள். மூஞ்சியைக் காட்டாமல் கையை மட்டும் காட்டினால் யார் நம்புவது? சோணை கையை நீட்டிக் காட்டினார். கோணல் சுண்டுவிரலைப் பார்த்து நம்பினார்கள். நம்பியவர்கள் இரண்டடி தள்ளியும் நின்றார்கள். கல்யாண வீட்டில் அவர் சோறு பரிமாற வந்தால் பிள்ளைகள் இலையைவிட்டு எழுந்து ஓடின.

பாலமேட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது கனகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டே காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. தட்டை நோக்கி நீண்ட கையைத்தான் பார்த்தாள்.

“ஆத்தே, கெணத்துக் கை!”

அவள் போட்ட கூச்சலில் காபி முழுவதும் அவள் அப்பாவின் வேட்டியில் கொட்டியது. ஆனாலும் கல்யாணம் நின்றுபோகவில்லை. சோணைக்கு நடத்துநர் வேலைக்கான உத்தரவு அப்போதுதான் வந்திருந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற கை பேய்க்கையாக இருந்தால்தான் என்ன என்று ஈர வேட்டியோடே அவள் அப்பா முடிவு கட்டிவிட்டார்.

கல்யாணமான மறுநாள் கனகலட்சுமி ஒரு நிபந்தனை போட்டாள். “இந்தா பாருங்க, கைய மட்டும் தனியா நீட்டப்படாது. ஆளு முன்னால வரணும். கை பின்னால வரட்டும்.”

சோணை ஒப்புக்கொண்டார். குளிக்கப் போகும்போது துண்டை மறந்துவிட்டால் கதவிடுக்கு வழியாகக் கையை நீட்ட முடியாது. முதலில் குரல், பிறகு தலை, அதற்கப்புறம்தான் கை. ஒரு நாள் டூட்டிக்குப் போகிற அவசரத்தில் வரிசை மாறிப்போய்விட்டது. வடித்துக்கொண்டிருந்த சோற்றைப் பானையோடு போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள் கனகலட்சுமி. அன்றைக்கு சோணை பட்டினியாகத்தான் பஸ் ஏறினார்.

வருடங்கள் ஓடின. தொடர் நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. மகள் அஸ்வினி வளர்ந்து கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள். கையைப் பற்றி யாரும் கேட்காத நாட்கள்கூட வந்தன. அந்த நாட்களில் சோணைக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு நாள்தான் அனந்தராமன் பேருந்தில் ஏறினார். தல்லாகுளத்துக்காரர், காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ‘ஊமைக்கிணறு’ ரசிகர்களுக்கென்று வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர். டிக்கெட்டுக்காகக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அந்தச் சுண்டுவிரல்...”

“சைக்கிள்ல விழுந்தது சார். உள்ள தள்ளி நில்லுங்க.”

“இல்ல... ஊமைக்கிணறு...”

“ஆமா சார், நாந்தேன். படியில நிக்காதீங்க.”

அனந்தராமன் படியில் நிற்கவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவும் இல்லை. அலங்காநல்லூர்வரை போய் அதே பேருந்தில் திரும்பி வந்தார். வழி நெடுக அந்தக் காட்சியைச் சோணைக்கே விளக்கிச் சொன்னார். ஐந்து விரல்கள் ஐந்து பூதங்களாம். சுண்டுவிரல் நிலம், மோதிரவிரல் நீர். ஒவ்வொன்றாக மடங்குவது பிரபஞ்சமே ஒடுங்குவதாம். கல்லில் அறைவது, ஒடுங்கியதற்கப்புறமும் மிச்சமிருக்கும் ஆசையாம்.

“சார், அது வந்து ஒரு தவளை...” என்று ஆரம்பித்தார் சோணை.

“தவளை! கரெக்ட்! அந்த இடத்துல பின்னணி இசையில தவளைச் சத்தம் வரும். எவ்ளோ உன்னிப்பா கவனிச்சிருக்கேள்!”

சோணை விசிலை ஊதினார்.

அதன் பிறகு ஆண்டுதோறும் தல்லாகுளத்து ஓட்டல் ஒன்றின் மாடியில் நடக்கும் ரசிகர் கூட்டத்துக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். சால்வை போர்த்துவார்கள். கையோடு கை சேர்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அஸ்வினியும் அப்பாவோடு போய்ப் போய்க் குழுவில் சேர்ந்துவிட்டாள். பழைய பகுதிகளையெல்லாம் போனிலேயே பார்த்து முடித்துவிட்டு, அனந்தராமனோடு மல்லுக்கு நிற்கிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அறிவிப்பு வந்தது. ‘ஊமைக்கிணறு’ சினிமாவாக வரப்போகிறது, அதுவும் சிரிப்புப் படமாக. முன்னோட்டத்தில் கிணற்றிலிருந்து கை மேலே வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கைரேகை ஜோசியர் அதைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆயுள் ரேகை சரியில்லையே தம்பி” என்கிறார். கை அவர் கன்னத்தில் ஒன்று வைக்கிறது.

குழுவில் அன்று முழுக்க யாரும் வேறு வேலை பார்க்கவில்லை. அனந்தராமன் எழுதியதைப் படிக்கவே திரையைப் பல முறை தள்ளவேண்டியிருந்தது. அஸ்வினி பதிலுக்குச் சிரிப்புப் பொம்மையாக அனுப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கத்தாரும் நடுநடுவே, “சோணை அண்ணே என்ன நெனைக்கிறாரு?” என்று கேட்டார்கள். சோணை அண்ணன் அப்போது கூட்ட நெரிசலில் பின்வாசலுக்கும் முன்வாசலுக்கும் நீந்திக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவசரக் கூட்டம் கூடியது. படத்தைப் புறக்கணிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். சோணைதான் தலைவர். துணைக்கு ஜெயபாண்டியும் வந்திருந்தான். அவன் இப்போது மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறான். வரும்போதே தலைவருக்கென்று ஒரு சம்பங்கி மாலையும் கொண்டுவந்துவிட்டான்.

“ஒரு தலைமுறையே சேர்ந்து பயந்திருக்கோம்” என்று ஆரம்பித்தார் அனந்தராமன். “அதைப் போய் ஜோக்காக்கறதா? பேய்க்கு ஆயுள் ரேகை பாக்கறான்! செத்தாத்தானே ஓய் பேய்?”

“அதுதான சார் ஜோக்கே” என்றாள் அஸ்வினி. “பயந்தது நீங்க. எனக்குப் பழசப் பாக்கும்போதே பாதி இடத்துல சிரிப்புத்தான் வந்துச்சு. பேய் வர்றதுக்கு முன்னாடி புகை வருதே, அதுக்குள்ள யாரோ இருமுறாங்க. பேயா சார் இருமும்?”

“அந்த இருமல்தான்மா மூணாவது கொலைக்குக் குறிப்பு!” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

“மூணாவது கொலையில செத்தவருக்கு இருமலே கெடையாது!” என்று இன்னொருவர் எழுந்தார்.

“அவருக்கு இல்ல. கொன்னவருக்கு!”

“கொன்னது யாருன்னே தொடர்ல சொல்லலையே!”

ஓட்டல்காரர் வந்து, கீழே சாப்பிடுகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு பக்கமும் சமமாக நின்றது. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

சோணைக்கு ஒரு பக்கம் தன்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்திய மனிதர், மறுபக்கம் பெற்ற மகள். உண்மையைச் சொல்லிவிட்டால் சண்டையே இல்லாமல் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். தவளை எந்த வழியாகச் சட்டைக்குள் போனது, எங்கெல்லாம் சுற்றியது, தான் எதற்காக விரலை மடக்கினார், எதற்காகக் கல்லை அடித்தார், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

“நானும் சாட்சி” என்றான் ஜெயபாண்டி. “இவன மேல தூக்குனப்ப அது சட்டைக்குள்ளேருந்து குதிச்சுப் போனத எங்கண்ணால பாத்தேன்.”

“கேட்டீங்களா?” என்று அஸ்வினி துள்ளினாள். “மொதல்லேருந்தே அது காமெடிதான்! படம் எடுத்தவங்க இப்பத்தான் அத வெளிய சொல்றாங்க!”

அனந்தராமன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர் மனசு ஒடிந்துவிட்டதோ என்று சோணை பதறிப் பக்கத்தில் போனார். அனந்தராமன் கண்ணைத் திறந்தார்.

“சோணை, அந்தத் தவளை மத்த நாள்ல உங்க சட்டைக்குள்ள வந்துதா?”

“மத்த நாள் நான் கெணத்துல எறங்கலையே சார்.”

“அதைத்தான் சொல்றேன். கேமரா ஓடற அந்த நிமிஷத்துக்காக அது அங்க காத்துண்டிருந்துது. யார் அனுப்பினா? அந்த மண்டபத்துல அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் யாராவது தவளையைப் பாத்திருக்காளா?”

பாதிக் கூட்டம் கைதட்டியது. சோணைக்கே கையில் மயிர் கூச்செறிந்தது. தவளை இருந்ததென்னவோ உண்மை. ஆனால் அது ஏன் அன்றைக்கு வந்தது என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

கடைசியில் வடை ஆறுவதற்குள் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். படத்தைப் புறக்கணிக்க வேண்டும். ஆனால் எதைப் புறக்கணிக்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்காக முதலில் எல்லோரும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

படம் வெளியான அன்று காலைக் காட்சிக்குச் சோணை குடும்பத்தோடு போனார். சிரிப்புப் படம் என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் கனகலட்சுமி கிளம்பினாள். முன்வரிசையில் தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு ஒருவர் குறுகி உட்கார்ந்திருந்தார். அனந்தராமன்தான் என்பது தொப்பிக்கு வெளியே தெரிந்த காதிலிருந்தே தெரிந்தது.

கிணற்றுக் காட்சி வந்தது. சோணை சீட்டின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். திரையில் மேலேறி வந்த கை வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருந்தது. விரல்கள் வரைந்துவைத்த மாதிரி நேராக இருந்தன. ஜோசியர் பார்த்தார், கை அறைந்தது, பிறகு பாட்டுக்கு ஆடியது. அரங்கமே சிரித்தது. கனகலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முன்வரிசைத் தொப்பியும் குலுங்கியது. சோணையும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. தன் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பது போலிருந்தது அவருக்கு.

வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் கூடியதும் சண்டை தொடங்கியது. ஆனால் ஆள் மாறிப்போயிருந்தது.

“மொக்கைப் படம்!” என்று அஸ்வினி வெடித்தாள். “அந்தக் கையப் பத்தி இவங்களுக்கு ஒண்ணுமே தெரியல. சிரிக்க வைக்கிறதுன்னாலும் மொதல்ல கொஞ்சம் பயம் காட்டணும். எடுத்த எடுப்புலயே ஆட விட்டா என்ன இருக்கு?”

அனந்தராமன் முகக்கவசத்தை இறக்கினார். “அப்படிச் சொல்லப்படாதும்மா. அந்த ஜோசியன் சீன்ல ஒரு தத்துவம் இருக்கு. செத்தவனுக்கு ஆயுள் ரேகை! நன்னா யோசிச்சுப் பாரு.”

“சார், நீங்கதான புறக்கணிக்கச் சொன்னீங்க?”

“பாக்கறதுக்கு முன்னாடி சொன்னேன்.”

இருவரும் சோணையின் பக்கம் திரும்பினார்கள். “நீங்க சொல்லுங்கோ” என்றார் அனந்தராமன்.

சோணை கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாக சார். அதுல ஒண்ணுமில்ல. ஆனா அந்தக் கைக்குப் பின்னால ஆளே இல்ல. ஒரு ஆளு உள்ள நின்னு தவிச்சாத்தான கை தவிக்கும்?”

“அது கிராபிக்ஸ்ப்பா” என்றாள் அஸ்வினி மெதுவாக.

“அதேன் சொல்றேன்.”

அனந்தராமன், இதைக் குழுவில் போடலாமா என்று கேட்டுக்கொண்டார்.

குழு இரண்டாக உடைந்தது. படத்தை ஏற்றவர்கள் அனந்தராமன் தலைமையிலும் ஏற்காதவர்கள் அஸ்வினி தலைமையிலும் தனித்தனியாகக் கூடினார்கள். இரண்டு கூட்டமும் ஒரே ஞாயிறு, ஒரே ஓட்டல். ஒன்று மாடியில், ஒன்று கீழே. இரண்டுக்கும் சோணைதான் தலைவர். அன்று முழுக்க ஏறி இறங்கியதில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஜெயபாண்டி இரண்டு மாலை கொண்டுவந்திருந்தான்.

எதிர்பாராத மாற்றம் வீட்டுக்குள்தான் நடந்தது. படத்தைப் பார்த்துச் சிரித்த தைரியத்தில் கனகலட்சுமி பழைய தொடரைப் பார்க்கத் துணிந்துவிட்டாள். அந்தக் காலத்தில் கை வந்த பகுதியோடு நிறுத்தியவள் அவள். மத்தியானம், வாசல் கதவைத் திறந்து போட்டு, மகளின் பழைய போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வாங்க, நீங்களும் பாருங்க. எனக்கு நடுவுல சந்தேகம் வந்தா யாரக் கேக்குறது?”

சோணை நகத்தைக் கடித்தார். “எனக்கும் தெரியாது லெச்சுமி. நான் பாத்ததில்ல.”

“என்னது?”

“என் கை வந்தத மட்டுந்தேன் பாத்தேன். அதுவும் கூட்டத்தோட. எனக்குப் பேயின்னா பயம்.”

கனகலட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருடம் இந்த ஆளுக்குப் பயந்தா காலம் தள்ளினோம் என்ற நினைப்பு அவள் முகத்தில் ஓடியது. பிறகு சிரித்தாள். தியேட்டரில் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தாள். “வந்து பக்கத்துல உக்காருங்க. நான் இருக்கேன்” என்றாள்.

டூட்டி இல்லாத மத்தியானங்களில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். புகை வந்தால் சோணை கண்ணை மூடிக்கொள்வார், போனதும் அவள் சொல்லுவாள். கடைசிப் பகுதியும் முடிந்தது. மண்டபம் இடிந்தது, கிணறு மூடப்பட்டது, பெயர்கள் ஓடின.

“ஏங்க, கடைசிவரைக்கும் அது யாரு கைன்னு சொல்லவே இல்லையே?”

“எங் கைதேன்.”

“அது எனக்குத் தெரியாதா? கதையில யாரு கை?”

சோணைக்குத் தெரியவில்லை. கனகலட்சுமி விடவில்லை. அந்தக் கேள்வியைக் குரல் பதிவாகவே இரண்டு குழுவுக்கும் அனுப்பினாள். சோணை காக்கிச் சட்டையை மாட்டுவதற்குள் போன் கிணுகிணுக்க ஆரம்பித்தது. அனந்தராமன் ‘தட்டச்சு செய்கிறார்’ என்று காட்டியது காட்டியபடியே இருந்தது. அஸ்வினி கல்லூரியிலிருந்தே மூன்று பதில் போட்டிருந்தாள். கனகலட்சுமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “இவுகளுக்கு ஒண்ணும் தெரியலைங்க, கதையில வர்ற அந்தக் கணக்குப்பிள்ளை கையாத்தேன் இருக்கணும்” என்று எழுத ஆரம்பித்தாள்.

“வாரேன்” என்று சொல்லிவிட்டுச் சோணை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்க்க நடந்தார். அவள் காதில் அது விழவே இல்லை.